பொரிப்பக ஸ்டீல்ஹெட், இயற்கை ஸ்டீல்ஹெட்: தூண்டில்காரருக்கு எது மேல்?

ஈரக்கரை:

வணக்கம் நண்பர்களே. மேற்கு வாஷிங்டன் ஆறுகளில் சில குளிர்காலங்களாக, கடலுக்குப் போய்வரும் டிரௌட் மீனான ஸ்டீல்ஹெட்டுக்குத் தூண்டில் போட்டு வருகிறேன். இதுவரை என் கைக்கு வந்தவை எல்லாமே, வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பு அடையாளத்துக்காக வெட்டப்பட்ட, தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்த்து ஆற்றில் விடப்பட்ட பொரிப்பக மீன்கள்தாம். அவற்றைப் பிடித்ததில் எனக்குக் குறையென்று எதுவும் தோன்றவில்லை. ஆனால் கரையில் சந்திக்கும் மூத்த தூண்டில்காரர்கள் பலர், பொரிப்பக மீன் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ஓர் இயற்கை மீன் பத்துப் பொரிப்பக மீன்களுக்குச் சமம் என்றும், தொட்டியில் வளர்ந்தது இழுத்த இழுப்புக்கு வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள்.

பொரிப்பகங்களால் இயற்கை இனத்துக்கு நேரும் பாதிப்பைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். அதை இங்கே கேட்கவில்லை. விளையாட்டு என்ற அளவில் மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு உண்மையானதா, அல்லது அரிதாகக் கிடைப்பதை உயர்வாக எண்ணும் மனித இயல்பா? சால்மனுக்கும் இதே வாதம் பொருந்துமா?

பனித்துறை:

வேறுபாடு உண்மைதான், ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது இல்லை என்பது என் கருத்து. தூண்டில் நரம்பு இறுகிய பிறகு நடக்கும் போராட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், மீன் எங்கே பிறந்தது என்பதைவிட, அது ஆற்றுக்குள் நுழைந்து எத்தனை நாளாயிற்று, கடலில் எத்தனை ஆண்டு மேய்ந்தது, நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. பொரிப்பகம் விடும் இளமீன்களில் மிகப் பெரும்பாலானவை கடலிலிருந்து திரும்புவதே இல்லை. திரும்பி வரும் சிலவற்றைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 4 டிகிரி செல்சியஸ் நீரில் எந்த ஸ்டீல்ஹெட்டும் மந்தமாகவே இருக்கும்; 10 டிகிரியை நெருங்கும்போது அதே மீன் இரையைத் துரத்தி வந்து கவ்வும். டிசம்பர் கடைசியில் பிடித்த பொரிப்பக மீனையும் ஏப்ரலில் பிடித்த இயற்கை மீனையும் அருகருகே வைத்து முடிவு கட்டுகிறவர், தம்மை அறியாமல் இரண்டு மாதங்களின் நீரைத்தான் ஒப்பிடுகிறார்.

இந்த மாத வேறுபாடும் தானாக வந்ததல்ல. வாஷிங்டனின் குளிர்காலப் பொரிப்பக ஸ்டீல்ஹெட்டுகளில் பெரும்பங்கு, டகோமாவுக்கு அருகிலுள்ள சேம்பர்ஸ் கிரீக் என்ற ஓடையின் வழிவந்தவை. ஆற்றில் பிறக்கும் ஸ்டீல்ஹெட் பொதுவாக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நன்னீரில் வளர்ந்த பிறகே கடலுக்குப் போகும். பொரிப்பகத்தில் அத்தனை காலம் வளர்ப்பது செலவு மிக்கது என்பதால், முன்னதாக முட்டையிடும் மீன்களையே தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து, குஞ்சுகளை ஒரே ஆண்டில் கடலுக்கு ஆயத்தமாக்கினார்கள். அதன் விளைவாக அந்த இனம் டிசம்பரிலும் ஜனவரியிலும் கூட்டமாக வந்து சேர்கிறது. பெரும்பாலும் கடலில் இரண்டே ஆண்டு இருந்துவிட்டு 5 முதல் 8 பவுண்டு எடையுடன் வருகிறது. இயற்கை மீன்களில் பெரும்பாலானவை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வருகின்றன. அவற்றில் மூன்று ஆண்டு கடலில் இருந்தவையும், முன்பே ஒருமுறை முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்பி மீண்டும் வந்தவையும் உண்டு. ஹோ, க்வீட்ஸ் போன்ற ஒலிம்பிக் தீபகற்ப ஆறுகளில் 20 பவுண்டைத் தாண்டும் மீன் தூண்டிலில் விழுவது இதனால்தான். உங்கள் மூத்தவர்கள் சொல்லும் ஒன்றுக்குப் பத்து என்ற கணக்கில் இந்த எடைக்கும் பங்கு இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் படுவது மீன் தங்கும் இடம். பொரிப்பக மீன், தான் விடப்பட்ட வாய்க்காலின் வாடையைத் தேடி நேராக அங்கேயே போய் நிற்கும். கௌலிட்ஸ் ஆற்றில் ப்ளூ கிரீக் வந்து கலக்கும் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்: மீன் எங்கே இருக்கிறது என்பதை ஆற்றைப் பார்த்து அறிய வேண்டியதில்லை, தோளோடு தோள் உரசி நிற்கும் மனிதர்களைப் பார்த்தாலே போதும். அங்கே தேவைப்படும் திறமை, பக்கத்திலிருப்பவரின் நரம்போடு சிக்காமல் வீசுவது. இயற்கை மீன்களோ ஆற்றின் நீளம் முழுவதும், அதன் கிளைகளிலும், பாறையின் பின்னாலும், ஓட்டம் தளரும் விளிம்பிலும் ஒன்றிரண்டாகப் பரவிக் கிடக்கின்றன. மழை பெய்து நீர் ஏறி, பிறகு இறங்கித் தெளியும் நாளைக் கணித்து, ஒரு வளைவை அடிமுதல் நுனிவரை படித்து, அது நிற்கக்கூடிய ஓரிடத்தைக் கண்டடைந்து, அங்கே தூண்டில் கடக்கும்போது கவ்வினால் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு, அடுத்த ஐந்து நிமிடம் ரீல் எப்படிச் சுழன்றது என்பது எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

வலைநிழல்:

பனித்துறை ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அவர் சேம்பர்ஸ் கிரீக் மீனை வைத்துப் பொரிப்பக மீன் முழுவதையும் எடைபோட்டுவிட்டார். வாஷூகல் ஆற்றின் ஸ்கமேனியா பொரிப்பகத்து வழிவந்த கோடைக்கால ஸ்டீல்ஹெட்டை அவர் மறந்துவிட்டாரா? முட்டையிடும் காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே, உடலில் கொழுப்பு நிறைந்த நிலையில் ஆறேறும் இனம் அது. நீரை விட்டு எகிறிக் குதிப்பதில் அதற்கு இருக்கும் பெயர் காரணமாகவே, வட அமெரிக்கப் பேரேரிகளில், குறிப்பாக மிச்சிகன் ஏரியில், தூண்டில்காரர்களுக்காக அதைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். இந்தியானாவில் அதற்கென்றே கோடையில் கூட்டம் கூடுகிறது. அது முழுக்க முழுக்கப் பொரிப்பக மீன்.

ஓரிகனின் நெஸ்டக்கா, வில்சன் ஆறுகளில் இன்னொரு முறை இருக்கிறது. அங்கே ஆற்றில் பிடித்த இயற்கை மீன்களையே தாய்மீன்களாக வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து திரும்பும் காலமும் இயற்கை மீன்களின் காலத்தை ஒட்டியே அமைகிறது. துடுப்பைத் தொட்டுப் பார்க்கும் வரை வித்தியாசம் சொல்ல முடியாத மீன்களை அங்கே நான் பிடித்திருக்கிறேன். துடுப்பு இருப்பதாலேயே அது இயற்கை மீன் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில திட்டங்களில் வெட்டாமலே விடுகிறார்கள். சிமெண்ட் தொட்டியில் உரசித் தேய்ந்து, கதிர்கள் கோணிய முதுகுத் துடுப்புதான் அப்போது அடையாளம்.

சால்மனைக் கேட்டீர்கள். அங்கே இந்த வாதம் பெரிதும் வலுவிழக்கிறது. சினூக், கோஹோ என்ற இரு சால்மன் இனங்களையும் பலர் கடலிலோ முகத்துவாரத்திலோதான் பிடிக்கிறார்கள். அங்கே பொரிப்பக மீனும் இயற்கை மீனும் கலந்து திரிகின்றன. எது எந்த ஆற்றுக்குரியது என்பது தூண்டில்காரருக்குத் தெரியாது. கொலம்பியா ஆற்றின் வசந்தகாலச் சினூக்கில் துடுப்பு வெட்டியதை வைத்துக்கொள்ளலாம், வெட்டாததை விட்டுவிட வேண்டும். அந்த ஒரு கணம் தவிர மற்ற எல்லாம் ஒன்றே. 1942இல் கட்டி முடிந்த கிராண்ட் கூலி அணையால், மீன் ஏற வழியே இல்லாமல் அதற்கு மேலுள்ள கொலம்பியா முழுவதும் அடைபட்டது. அப்படிப்பட்ட ஆற்றில் பொரிப்பக மீனை ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் எஞ்சுவது வெறும் கோலும் கையுமாக நிற்பதுதான்.

மிச்சிகன் மாநிலம் 1966இல், பேரேரியில் விழும் பிளாட் ஆற்றில் கோஹோ குஞ்சுகளை விட்டது. பின்னர் சினூக்கும் வந்தது. இன்று மிச்சிகன் ஏரியின் சினூக்குகளில் பெரும்பகுதி ஆறுகளிலேயே பிறப்பவை. தாத்தா தொட்டியில் பிறந்தவர், பேரன் ஆற்றில் பிறந்தவன்; எந்தத் தலைமுறையிலிருந்து மரியாதை தொடங்குகிறது என்பதை மூத்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மேலாறு:

சூழலியலை விட்டுவிட்டுப் பேசச் சொன்னீர்கள், ஈரக்கரை. முழுவதும் விட முடியாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் விளையாட்டுக்குரிய மீன் அடுத்த ஆண்டும் வர வேண்டும். ஓரிகனின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டுகளை மரபணு வழியே பின்தொடர்ந்த ஆய்வு 2007இல் சயன்ஸ் இதழில் வெளியானது. தொட்டியில் வளர்க்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் சந்ததி உண்டாக்கும் திறன் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது என்று அது கண்டது. அங்கே தாய்மீன்களாக இயற்கை மீன்களும் பயன்பட்டன என்பதை வலைநிழல் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த மீன் தூண்டிலில் நன்றாகப் போராடுவது ஒன்று, தன் ஆற்றைத் தானே நிரப்பிக்கொள்வது வேறொன்று. பேரேரி மீன்களைப் பற்றிய அவருடைய கேள்விக்கும் என் பதில் இதிலேயே இருக்கிறது: தொட்டியின் உதவியின்றித் தலைமுறைகளாக நிலைத்துவிட்ட மீனை நான் இயற்கை மீனாகவே மதிப்பேன்.

மொன்டானா 1974இல் தன் ஆறுகளில் பொரிப்பக டிரௌட் விடுவதை நிறுத்தியது. அங்கே டிரௌட் மீன்பிடிப்பு அதனால் அழிந்துவிடவில்லை, பெயர் பெற்றது. கடலுக்குப் போய்வர வேண்டிய ஸ்டீல்ஹெட்டுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அணையும் கடலும் செய்யும் சேதத்தைப் பொரிப்பகத்தை மூடித் தீர்க்க இயலாது. வாஷிங்டனின் ஸ்காகிட் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் ஒரு வழக்கு உடன்பாட்டில் முடிந்து, 12 ஆண்டுகளுக்கு அங்கே பொரிப்பக ஸ்டீல்ஹெட் விடுவதில்லை என்றாயிற்று. அதற்கு முன்பே மூடப்பட்டிருந்த வசந்தகாலப் பருவம் 2018இல், பிடித்து விட்டுவிடும் முறைக்கு மட்டும் திறக்கப்பட்டது. போதிய மீன் வராது என்று கணித்தால் அந்த ஆண்டு பருவமே இல்லை. இயற்கை மீனை மட்டும் நம்பும் ஆற்றில் தூண்டில்காரர் செலுத்தும் விலை இது. அந்த விலையை நான் மனமுவந்து தருவேன். எல்லாரும் தர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வட அம்ப்குவா ஆற்றில் கோடைக்காலப் பொரிப்பக ஸ்டீல்ஹெட் விடுவதை 2022இல் ஓரிகனின் மீன், வனவிலங்கு ஆணையம் நிறுத்தியபோது, நாலுக்கு மூன்று என்ற வாக்கில்தான் முடிவாயிற்று. நான் மதிக்கும் தூண்டில்காரர்கள் இரு பக்கமும் நின்றார்கள்.

விளையாட்டு என்ற அளவில் ஒன்று மட்டும் சொல்கிறேன். இயற்கை மீனைப் பிடிக்கிறவர் அதை விட்டுவிடப்போகிறோம் என்று தெரிந்தே பிடிக்கிறார். ஆகவே அதைக் களைப்பின் எல்லைவரை விளையாட விடுவது கூடாது. தடித்த நரம்பு, எதிர்முள் இல்லாத தூண்டில், விரைவாகக் கரை சேர்த்தல் என்று தன் இன்பத்தைத் தானே சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீண்ட போராட்டத்தையே அளவுகோலாக வைக்கும் கரையோரப் பெரியவர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

ஈரக்கரை:

மூவருக்கும் நன்றி. போராட்டத்தைப் பற்றிக் கேட்டேன், தேடலைப் பற்றிப் பதில் கிடைத்தது. அது என் ஐயத்தைத் தீர்த்துவிட்டது. இனி இயற்கை மீனையும் தேடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பொரிப்பக மீனை விட்டுவிடுவதுதான் பெருந்தன்மை என்று ஒருவர் சொன்னார். அதுவும் சரியா?

பனித்துறை:

அது சரியல்ல. துடுப்பு வெட்டிய மீனைச் சட்டம் அனுமதிக்கும் ஆற்றில், அனுமதிக்கும் எண்ணிக்கைவரை அடித்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் விட்டது இயற்கை மீன்கள் முட்டையிடும் சரளைப் படுகைக்கு ஏறிப்போய் அவற்றோடு கலக்கலாம். மேலாறு குறிப்பிட்ட கேடு அங்கேதான் தொடங்குகிறது. வலைநிழலும் இதில் எங்களோடு உடன்படுவார் என்று நம்புகிறேன்.

ஜனவரிவரை இப்போது செல்லும் துறைகளுக்கே செல்லுங்கள். கை பழகுவதற்கு அதைவிட நல்ல இடமில்லை. பிப்ரவரி பிறந்ததும் பொரிப்பக வாய்க்காலை விட்டு மேலே நடந்து, ஆள் இல்லாத ஓட்டமாகப் பார்த்து இறங்குங்கள். எந்த ஆறு எந்தத் தேதிவரை திறந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் மாநில மீன்வளத் துறையின் அவசர விதிகளில் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பருவத்தின் நடுவிலும் அவை மாறும். இயற்கை மீன் விழுந்தால் முழுவதும் நீரைவிட்டுத் தூக்காதீர்கள்; வாஷிங்டன் ஆறுகளில் அது விதிமீறல். படம் எடுக்க வேண்டுமென்றால் செவுள் நீருக்குள் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.