பெயர் இல்லாத டயலும் மூடிக்குள் இருந்த சிம்மக் குறியும்

முதலாம் உலகப் போர்க் காலத்துக் கைக்கடிகாரம் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுத்த அனுபவத்தை எழுதும்படி, பழைய கடிகார ஆர்வலர்களின் இந்தக் குழுவில் கேட்டிருந்தார்கள். எனக்கு அது லண்டனில் பழம்பொருள் சந்தை கூடும் போர்ட்டபெல்லோ சாலையில், ஒரு சனிக்கிழமைக் காலையில் வாய்த்தது.

கடைக்காரரின் தட்டில் வெள்ளை எனாமல் டயல் கொண்ட இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்றின் டயலில் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. மற்றொன்றிலோ எண்களையும் அவற்றுள் சிவப்பில் எழுதிய 12-ஐயும் தவிர வேறு எழுத்தே இல்லை. பெயருள்ளதற்கு அவர் மும்மடங்கு விலை சொன்னார். நான் அதையே வாங்கினேன். பழுது பார்ப்பவர் கண்ணாடியைக் கழற்றி, ஈரப் பஞ்சின் நுனியால் தொட்டதும் அந்தப் பெயர் பஞ்சோடு வந்துவிட்டது. எண்கள் எனாமலோடு சேர்த்துச் சூளையில் சுடப்பட்டவை; பெயரோ பின்னாளில் யாரோ மேலே ஒட்டவைத்த வெறும் மை.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடைக்காரர்கள், டயலில் தயாரிப்பாளரின் பெயர் இருப்பதை விரும்பவில்லை என்பதை அதன் பிறகே படித்து அறிந்தேன். 1905-இல் லண்டனில் கடிகாரத் தொழில் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், 1908-இல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்த பின்பும், அது டயலில் வழக்கமாக இடம்பெறப் பல ஆண்டுகள் பிடித்தன. எனவே அக்காலக் கடிகாரத்தின் டயல் வெறுமையாக இருப்பது குறையன்று. என் கண்ணுக்கு அதுவே அதன் அழகு.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் சென்றேன். பெயரில்லாத கடிகாரம் நல்லவேளையாக விற்காமல் இருந்தது. அதன் வெள்ளிப் பின்மூடியைத் திறந்தபோது உள்ளே .925 (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்ற தரக் குறியும், சிம்ம ராசியின் குறியும், சிறிய 'ஏ' எழுத்து ஒன்றும் தெரிந்தன. சிம்மக் குறி, வெளிநாட்டிலிருந்து வந்த பொருளுக்கு தங்கம், வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும் லண்டன் சோதனை நிலையம் இட்ட முத்திரை. இறக்குமதியான கடிகாரக் கூடுகளுக்கு 1907 ஜூன் முதல் இத்தகைய முத்திரை கட்டாயமாயிற்று. சிறிய 'ஏ', முத்திரையிட்ட ஆண்டைக் காட்டும் ஆண்டெழுத்து. லண்டனில் அக்காலத்தில் அது 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ஏ'-க்குத் திரும்பியது: 1896, 1916, 1936. முதலாவது ஆண்டில் சிம்மக் குறியே கிடையாது. மூன்றாவதில் எழுத்து பெரியது. ஆகவே என் கையில் இருந்த கூடு 1916-17-இல் முத்திரை பெற்றது என்று, ஒரு தாளும் சாட்சியும் இல்லாமலே உறுதியாயிற்று. அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். இருட்டில் ஒளிர்வதற்காகப் பூச்சு இட்ட அக்காலக் கடிகாரங்களில், பழுப்பேறிய எண்களிலும் முட்களிலும் இருப்பது கதிரியக்கம் கொண்ட ரேடியம். உடன் கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு சிதைந்துவிட்டதால் அது இப்போது இருட்டில் ஒளிர்வதில்லை. ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 1600 ஆண்டுகள். பழகிய கைகள் அல்லாமல் வேறு யாரும் அதைச் சுரண்டவோ துடைக்கவோ கூடாது. மூடியைப் பளபளப்பாக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் முத்திரை மழுங்குகிறது.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு:

ஐயா, நீங்கள் மூடியைத் திறந்து கண்டதை, நான் மூடியைத் திறக்காமலே ஒருமுறை கண்டேன். போர்க்காலக் கைக்கடிகாரம் என்று சொல்லி என்னிடம் நீட்டப்பட்டதில், சாவி கொடுக்கும் திருகு 3-க்கு அருகில் இருந்தது. சிறிய நொடி முள்ளோ 9-க்கு அருகில் இருந்தது. முன்மூடியில்லாத சட்டைப்பை கடிகாரத்தில் திருகு 12-இலும் நொடி முள் நேர் எதிரே 6-இலும் இருக்கும்; அதைக் கால் வட்டம் திருப்பி, இரு பக்கமும் கம்பி வளையங்களைப் பற்றவைத்து, டயலையும் மாற்றினால் இப்படித்தான் வரும். கைக்கென்றே செய்தவற்றில் பெரும்பாலும் திருகு 3-இலும் நொடி முள் 6-இலும் அமைந்திருக்கும். விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். பற்றவைத்த இடத்தில் ஈயம் இன்னும் புதிதாக மின்னியது. வணக்கம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.