சைக்கிளில் போனால் கடன்காரன், காணி வாங்கினால் கள்ளனா?

கல்லடிச் சைக்கிள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. அரசாங்க வேலை, கந்தோர் மட்டக்களப்பு டவுனில், வீடு கல்லடியில். மனைவி முன்பள்ளியில் படிப்பிக்கிறார். ஒரே மகள், ஒன்பது வயது. 2022 ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதே, அந்த நேரம் இரண்டு இரவு கியூவில் படுத்தெழும்பி வெறுத்துப்போய் மோட்டார் சைக்கிளை மூலையில் விட்டுவிட்டு அப்பாவின் பழைய சைக்கிளை எண்ணெய் போட்டு எடுத்தேன். அப்போது ஊரே சைக்கிளில்தான் ஓடியது, டாக்டர்மாரும் சைக்கிள், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுகா பெட்ரோல் வந்தது, எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நான் இறங்கவில்லை. காலையில் பழைய பாலத்தால் வாவிக் காற்றோடு போவது எனக்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான். சும்மா நின்ற மோட்டார் சைக்கிளை விற்றேன்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. "லீசிங்காரன் தூக்கிப்போட்டானாம்" என்று முதல் கதை. லீசிங்கே இல்லாத வண்டி! அப்புறம் மாமி என் மனைவியைக் குசினிக்குள் கூப்பிட்டு, "போனில ஏதும் சூது கீது விளையாடுறாரோ புள்ள, சொல்லு" என்று கேட்டிருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் மச்சான் என் சேட்டுப் பையில் 5000 ரூபாய்த் தாளைச் செருகிவிட்டு, "பிள்ளைக்கு ஏதும் வாங்கிக் குடுங்க" என்று காதுக்குள் சொன்னார். பந்தியில் இருக்கிறேன், கையெல்லாம் சோறு, எடுத்துத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

சரி, அதைச் சிரித்துக் கடந்தாச்சு. போன வருடம் செங்கலடிப் பக்கம் 20 பேர்ச்சஸ் காணி ஒன்று கைக்காசுக்கு வாங்கினேன். உறுதி முடித்து நான் வீட்டுக்கு வந்து சேர முன்னமே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அந்தக் கிழமைக்குள் நான் கடன்காரனிலிருந்து கள்ளனாகிவிட்டேன். "இந்தச் சம்பளத்தில எப்படி? கந்தோரில நல்லா வாங்கிறான் போல." கோயிலில் எங்கள் குடியின் (தாய்வழி வம்சத்தின்) திருவிழா நாளுக்கு என் பெயரில் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு எழுதியிருந்தார்கள், கேட்கவும் இல்லை. அதே மச்சான் வான் எடுக்க எட்டு இலட்சம் கைமாத்துக் கேட்டு வந்தார். இல்லை என்றேன். "வைச்சுக்கொண்டு இல்லை என்கிறான்" என்று இப்போது வீட்டுக்கு வருவதில்லை.

பதினாறு வருட வேலை, இரண்டு சம்பளம், மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியது, வெளியில் சாப்பிடாதது, இவ்வளவுதான் அந்தக் காணி. இதை ஒவ்வொருத்தருக்கும் கணக்குக் காட்ட முடியுமா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சொல்லிவிடுகிறீர்களா, மறைக்கிறீர்களா?

—

அடகுக் கவுண்டர் அக்கா எழுதியது:

தம்பி, நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். ஒரு கிராமிய வங்கியில் அடகுக் கவுண்டரில் பல வருடம் இருந்துவிட்டு ஓய்வு எடுத்தவள். இந்த விசயத்தில் எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கு.

கல்யாண மாதம் வந்தால் வெள்ளிக்கிழமை எங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. அடகு வைத்த தாலிக்கொடியையும் காப்பையும் மீட்க வருவார்கள். மீட்பதற்கான காசு எங்கேயோ நாள் வட்டிக்கு எடுத்தது. சனி, ஞாயிறு போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் முன்கதிரையில் இருப்பார்கள், திங்கட்கிழமை காலை நான் கவுண்டரைத் திறக்கும்போது அதே கொடி என் தராசில் இருக்கும். மல்லிகைப்பூ வாசம்கூடப் போயிராது. அதே ஆட்கள்தான் பந்தியில் வெறுங்கழுத்தோடு இருந்த ஒரு ஆசிரியையைப் பார்த்து "பாவம், எல்லாம் அடகுபோல" என்று பேசியிருப்பார்கள். அந்த ஆசிரியையின் நகை எல்லாம் எங்கள் வங்கியில்தான் இருந்தது. அடகில் இல்லை, பாதுகாப்புக்கு வைத்தது. எனக்குத் தெரியும், சொல்ல முடியாது, வேலை அப்படி.

இன்னொன்று. வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு வயல்காரர் வருவார்கள். பழைய போடியார் (பெரிய வயல் சொந்தக்காரர்) குடும்பத்து ஆட்கள், சாரம், தோளில் ஒரு துவாய், காலில் சேறு காய்ந்திருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி அப்படி ஒருவரை "ஐயா, மானியம் அந்தப் பக்கம்" என்று அனுப்பிவிட்டாள். மனுசன் உரப்பையைத் திறந்து காட்டினார், உள்ளே கட்டுக் கட்டாகக் காசு. அவர் கோபப்படவில்லை, நான்தான் அன்று முழுக்க வெட்கப்பட்டேன்.

ஆகவே உங்கள் கதை எனக்குப் புதுசில்லை. என்ன செய்வது என்று கேட்டீர்களே, அதற்குப் பிறகு வருகிறேன். பேரப்பிள்ளை அழுகிறான்.

—

சாய்ந்தமருதுக் காக்கா எழுதியது:

எங்கட வாப்பாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் மூன்று தாத்தாமாரும் (அக்காமார்) நானும். இந்தப் பக்கம் பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடக்காது என்பது தமிழ் ஆட்களுக்கும் தெரியும், நம்மிரண்டு பேருக்கும் அந்த வழக்கம் ஒன்றுதான். மூன்று பிள்ளை என்றால் மூன்று வீடு. கரையோரத்தில் வளவு கிடைப்பதே பெரும் பாடு. கட்டி முடித்த முதல் வீட்டை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. வாப்பா திரும்ப அத்திவாரத்திலிருந்து தொடங்கினார். எனக்குத் தெரிந்து அவரிடம் மருதமுனைச் சாரம் இரண்டு, ஒன்று உடுத்தால் மற்றது கொடியில் காயும். டீக்கடைக்குப் போகமாட்டார், ஏனென்றால் போனால் நாலு பேருக்குச் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும்.

ஒரு நோன்பு மாதம் ஊர்ப் பெடியன்கள் உலர் உணவுப் பொதி கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். அரிசி, சீனி, பேரீச்சம்பழம், பருப்பு. உம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. வாப்பா "நல்லம் மகன், வையுங்க" என்று வாங்கி, அவர்கள் தெருமுனை திரும்பியதும் பின்வளவால் அடுத்த வீட்டு விதவைத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவர் அந்தக் கிழமை செய்துகொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? கொப்பியை விரித்து வைத்துத் தன் ஸக்காத்துக்கு இரண்டரை வீதம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசித் தாத்தாவுக்கும் வீடு எழுதிக் கொடுத்தாச்சு. இப்போது அந்த வீட்டின் பின்னறையில் இருக்கிறார். முன்பு "கஞ்சன், ஆயிரம் இருக்கும் அவனிடம்" என்றவர்கள் இப்போது "பாவம், மகளின் சோற்றில் இருக்கிறார்" என்கிறார்கள். இரண்டு தரமும் பிழை. வாப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அது ஒரு வசதி.

—

அக்கரைப்பற்று வான்காரன் எழுதியது:

எல்லாரும் சிக்கனக்காரரைத் தூக்கித் தோளில் வைக்கிறீர்கள், ஒருத்தனாவது மறுத்துப் பேச வேண்டாமா?

நான் 2019இல் லீசிங்கில் வான் எடுத்தவன். வீட்டில் எல்லாரும் ஏசினார்கள். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது, வானின் விலை ஏறு ஏறு என்று ஏறிவிட்டது. 2022இல் ரூபாய் விழுந்தது, டொலர் 200இலிருந்து 360க்குப் போனது, சாமான் விலையெல்லாம் இரட்டிப்பு, ஆனால் என் மாதக் கட்டுப்பணம் அதே தொகைதான். நான் கடனைக் கட்டியது மலிந்துபோன காசில். என் கூட்டாளி ஒருத்தன் அதே ஐந்து வருடமும் சாப்பிடாமல் குடிக்காமல் வங்கியில் போட்டு வைத்தான். 2021இல் ஒரு வான் வாங்கக் காணும் என்றிருந்த காசு, 2023இல் அரை வானுக்கும் காணாது. யார் புத்திசாலி?

இன்னொன்று, ஊர் கண்ணால்தான் பார்க்கும், வேறு எதால் பார்க்கும்? நான் பெரும்போக அறுவடை நேரம் நெல் எடுத்து ஆலைக்குக் கொடுக்கிறவன். வானில் போய் இறங்கினால் வயல்காரன் நம்பி ஐம்பது மூட்டையைக் கடனுக்கு ஏற்றிவிடுவான். சைக்கிளில் போனால் "காசை வைச்சிட்டு ஏத்துங்க தம்பி" என்பான். பவுசு என்று நீங்கள் சிரிப்பது எனக்கு வியாபார முதல். கந்தோர்க்காரருக்கு அது தேவையில்லை, மாதம் முடியச் சம்பளம் வரும். எங்களுக்கு அப்படி இல்லை.

—

கல்லடிச் சைக்கிள் எழுதியது:

வான்காரன் அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2021இல் இருந்த என் காசின் பெறுமதி கிட்டத்தட்டப் பாதியானது உண்மை, அன்று இரவு நித்திரை வரவில்லை. 2022 கடைசியில் வங்கிகள் ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தபோது போட்டு வைத்ததில் கொஞ்சம் மீண்டேன், முழுக்க இல்லை. ஆனால் அண்ணன், உங்கள் வான் கதை நன்றாக முடிந்ததால்தான் எழுதுகிறீர்கள். 2022இல் பெட்ரோல் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் கட்டுப்பணம் கட்ட முடியாமல் திரும்பிக் கொடுத்தவர்கள் இங்கே வந்து எழுதமாட்டார்கள்.

—

அக்கரைப்பற்று வான்காரன் எழுதியது:

அது சரிதான். ஒரு மூன்று மாதம் நானும் மனிசியின் காப்பில்தான் ஓடினேன். அந்தக் கவுண்டர் அக்கா என் முகத்தைப் பார்த்திருக்கவும் கூடும்.

—

படுவான்கரைப் பெடியன் எழுதியது:

ஊர் மட்டுமா கண்ணால் பார்க்கிறது, அரசாங்கமும்தான். 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் வந்தபோது வீட்டுச் சுவர் என்ன, கூரை என்ன, வாகனம் இருக்கா என்று கேட்டுத்தானே எழுதினார்கள். எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு, பூச்சு விழுந்திருக்கும், அப்பாவுக்குக் கல்லுக்குச் செலவழிப்பதில் விருப்பமில்லை, வயலுக்கும் மாட்டுக்கும்தான். பக்கத்து வீடு தரைக்கு மாபிள் போட்ட வீடு, முன்னால் முச்சக்கரவண்டி. அந்த அக்காவுக்கு மூன்று நுண்கடன், கிழமைக்கு ஒருநாள் வசூலிக்க வருகிறவர் வாசலில் நிற்கும்போது அக்கா எங்கள் மாட்டுக் கொட்டிலுக்குள் வந்து ஒளிந்த நாளும் உண்டு. முதல் பட்டியலில் அந்த அக்காவின் பெயர் இல்லை. எங்கள் பெயர் இருந்தது!

அப்பா நேரே போய், "எனக்கு வயல் இருக்கு, மாடு இருக்கு, அந்தப் பிள்ளைக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்படி மாற்றிக் கொடுக்க முடியாது, அந்த அக்கா தனியாக மேன்முறையீடு போட வேண்டியிருந்தது. அப்பா நல்ல பெயர் எடுப்பார் என்று நினைத்தேன். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மாதம் 8,500 ரூபாயை வேண்டாம் என்கிறான் என்றால் எவ்வளவு புதைச்சு வைச்சிருப்பான்!"

—

தோஹாவில் ஒருவன் எழுதியது:

எனக்கு இந்தச் சிக்கலே இல்லை. பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் இருந்து எழுதுகிறேன், ஊரில் என்னைப் பணக்காரன் என்று முடிவு கட்டி எட்டு வருடம்.

—

அடகுக் கவுண்டர் அக்கா எழுதியது:

பேரன் உறங்கிவிட்டான். தம்பி, அந்தக் காணி யார் பெயரில்?

—

கல்லடிச் சைக்கிள் எழுதியது:

மகளின் பெயரில் அக்கா. யாருக்கும் சொல்லவில்லை.

—

அடகுக் கவுண்டர் அக்கா எழுதியது:

சொல்லாமல் விட்டதுதான் பிழை. இந்த ஊரில் "காசு இல்லை" என்றால் நம்பமாட்டார்கள், "காசு இருக்கு, தரமாட்டேன்" என்றால் பகை. "பொம்பிளைப் பிள்ளைக்கு எழுதியாச்சு" என்றால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். சீதனத்துக்கு வைத்ததைக் கடனாகக் கேட்டால் கேட்டவனுக்குத்தான் மரியாதைக் குறைவு. இது பொய்யும் இல்லை. மாமியிடம் மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். கோயிலுக்கு மற்றவர்கள் கொடுப்பதைக் கொடுங்கள், ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம். மச்சானுக்குத் திரும்பி வராவிட்டாலும் நோகாத தொகை ஒன்றை மனதில் வைத்து, அதைச் சும்மா கொடுத்துவிடுங்கள், கடன் என்ற பெயரில் வேண்டாம்.

—

கல்லடிச் சைக்கிள் எழுதியது:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். மாமியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சொன்னது, வியாழக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தார், வானைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வருகிறது, என் சேட்டுப் பையில் செருகிய 5000த்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து அங்கே வைக்கலாம் என்றிருக்கிறோம்.

லஞ்சக் கதை ஓய்ந்த மாதிரித்தான். ஆனால் நேற்று மாமி வந்து, காணி இருக்கென்றால் கல் வைக்க நாள் பார்க்கட்டாம். பிள்ளைக்கு வயது ஒன்பது என்றேன். "இப்ப தொடங்கினால்தானே மகன் முடியும், நீங்க சைக்கிளில போற வேகத்துக்கு" என்கிறார்.