ஏசி ஓடியும் ஜிம்மில் புழுக்கம் போகவில்லை

தண்டால்தம்பி: சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே 1,000 சதுர அடி ஜிம், 10 அடி உயரம். இரண்டு ஸ்பிளிட் ஏசி ஓடியும், மாலையில் இருபது பேர் சேர்ந்துவிட்டால் புழுக்கமும் வியர்வை நாற்றமும் தாங்கவில்லை. ஏர் கூலர் வாங்கலாமா?

காற்றாடி: வேண்டாம் தம்பி, கூலர் ஈரத்தைத்தான் கூட்டும். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது, புதுக்காற்று வராது. எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். அறை 10,000 கன அடி, மணிக்கு ஆறு முறை காற்று மாற நிமிடத்துக்கு 1,000 கன அடி இழுக்கணும். எதிர்ச்சுவரில் காற்று நுழைய வழி வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும்.

மொட்டைமாடி: மாடித் தளத்தில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்துப் பாருங்கள், கூரைச்சூடு குறையும்.

தண்டால்தம்பி: எதிர்ச்சுவர் ஜன்னலை மறைத்து முழுக்கக் கண்ணாடி பதித்துவிட்டேனே!

காற்றாடி: அதுதான் வினை. மேலே ஒரு அடியாவது திறந்துவிடுங்கள், கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், பரவாயில்லை.