ஊர் நாடகத்தில் பக்கவாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் தர வேண்டுமா?

கேள்வி (விழாக்குழு உறுப்பினர்):
எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் ஊர் இளைஞர்களே வேடமிட்டு, சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தை விடியவிடிய நடத்துவது வழக்கம். நடிப்பவர் எவரும் பணம் வாங்குவதில்லை. வெளியூரிலிருந்து வரும் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (பல தாள, ஒலிக் கருவிகளை ஒருவரே வாசிப்பது) ஆகிய மூவருக்கும் இதுவரை வேட்டி, துண்டு, தாம்பூலம் வைத்து வழிச்செலவு மட்டும் கொடுத்து வந்தோம். இவ்வாண்டு ஆர்மோனியக்காரர், மூவருக்கும் சம்பளம் பேசி முடித்தால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார். “நாமே சும்மா நடிக்கும்போது அவர்களுக்கு மட்டும் எதற்கு?” என்று குழுவில் பாதிப்பேர் கேட்கிறார்கள். பிற ஊர்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் 1 (மிருதங்கம் வாசித்து ஓய்ந்தவர்):
தொழில்முறை நடிகர்களுக்கு வாசிப்பதைவிட ஊர்ப்பிள்ளைகளுக்கு வாசிப்பதுதான் கடினம் என்பதை உங்கள் குழுவினர் அறிந்திருக்க மாட்டார்கள். ஒருவர் இரண்டு கட்டைச் சுருதியில் பாடத் தொடங்குவார். அடுத்து வருபவர், எவரும் கேளாமலே, நான்கரைக்கு ஏறிவிடுவார். அவரவர் சுருதியை அந்த நொடியிலேயே பிடிப்பதும், பாட்டின் அடி மறந்து நிற்பவருக்கு எடுத்துக்கொடுப்பதும், மூச்சு வாங்குபவருக்காகப் பின்பாட்டை நீட்டுவதும் ஆர்மோனியக்காரரின் பொறுப்பு. காட்சி முடிந்ததும் முருகன் திரைக்குப் பின்னால் தேநீர் குடிக்கப் போகலாம்; ஆர்மோனியப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தவர் விடியும்வரை எழ முடியாது. திருவிழாக் காலத்து வருமானத்தை நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துபவருக்கு, உங்கள் ஊரில் கழியும் ஓர் இரவு வேறோர் ஊரில் இழந்த சம்பளம்.

பதில் 2 (நாடக ஆர்வலர்):
எனக்கு முழு உடன்பாடு இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, ஊதியம் கருதாத நடிப்புக்கு ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. எல்லாவற்றுக்கும் விலை பேசத் தொடங்கினால், ஊரே கூடிச் செய்வது என்ற எண்ணம் கரைந்துவிடாதா? உள்ளூரில் மிருதங்கம் பழகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களை உட்கார வைக்கலாமே.

பதில் 1 (மீண்டும்):
முதலியார் வழக்கறிஞராக இருந்து நீதிபதியும் ஆனவர், ஐயா. மாலையில் இலவசமாக நடிக்க அவருக்குப் பகலில் ஒரு வருமானம் இருந்தது. ஆர்மோனியக்காரருக்கு இதுதான் நீதிமன்றம். பழகும் பிள்ளையைத் தாராளமாக உட்கார வையுங்கள், ஆனால் அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில்.

பதில் 3 (வேறோர் ஊரின் பொருளாளர்):
ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் ஜெனரேட்டருக்கும் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, மிருதங்கத்திடம் மட்டும் ஊர்ப்பற்றை எதிர்பார்ப்பது எனக்கு என்றுமே விளங்கியதில்லை. நடிப்பவர் சும்மா நடிக்கிறார் என்பதும் முழு உண்மையன்று. மேடையில் அவர் சட்டையில் குத்தப்படும் ரூபாய் நோட்டுகள் யாருக்குப் போகின்றன? எங்கள் ஊரில் வரி பிரிக்கும்போதே பக்கவாத்தியச் செலவைத் தனியாக எழுதிவிடுகிறோம். வெற்றிலை பாக்கு வைக்கும் அன்றே தொகையைப் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, மீதியை மங்களம் பாடியதும் மேடையிலேயே கொடுக்கிறோம். காலையில் பொருளாளரைத் தேடி அவர்கள் வீடு வீடாக அலையக் கூடாது.