புதுப்பிப்பு: பழைய டெஸ்க்டாப் ரௌட்டர், கடைசியில் முழு வேகம் வந்துவிட்டது

பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு போர்ட் இன்டெல் நெட்வொர்க் கார்டு செருகி, ஓபிஎன்சென்ஸ் (கணினியை ரௌட்டராக மாற்றும் மென்பொருள்) போட்டால் பிபிபிஓஇ இணைப்பில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) கிகாபிட் வேகம் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். முதலில் வரவில்லை. ப்ராசசரில் நான்கு கோர் இருந்தும் ஒன்று மட்டுமே திணறியது. பிபிபிஓஇ உறைக்குள் ஐபி தலைப்பு (முகவரி விவரம்) மறைந்திருப்பதால் கார்டால் டேட்டா பாக்கெட்டுகளைப் பல கோர்களுக்கான வரிசைகளாகப் பிரிக்க முடிவதில்லை. ஓபிஎன்சென்ஸுக்கு அடிப்படையான ஃப்ரீபிஎஸ்டி ஓஎஸ்ஸில் எல்லாம் ஒரே கோரின் தலையில் விழுகிறது. நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் என்ற செட்டிங்கின் மதிப்பை ‘டெஃபர்டு’ (பாக்கெட்டை வந்த இடத்திலேயே கையாளாமல் வரிசையில் போட்டுப் பிறகு கையாள்வது) ஆக்கியதும் சுமை பரவியது, வேகமும் வந்தது.

ஆனால் எனக்குப் பெரிய சந்தோஷம் வேறு. அப்லோடு ஓடும்போது வீடியோ கால் வெட்டி வெட்டி வரும். எஃப்க்யூ-கோடெல் ஷேப்பரில் (பாக்கெட்டுகள் வரிசையில் தேங்காமல் வேகத்தைப் பங்கிட்டுத் தரும் வசதி) லைன் வேகத்தைவிடச் சற்றே குறைவாக வரம்பு வைத்தேன், அந்தத் தொல்லை போயே போய்விட்டது. வைஃபைக்கு முன்பிருந்த ரௌட்டரே அக்சஸ் பாயின்டாக ஓடுகிறது.