பொருள்: கோழி இறக்கைக்கு ‘டிரை ரப்’ – தமிழில் என்ன?

பிரேசர் டவுனிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

புகைபோடும் அடுப்பு ஒன்றின் சமையல் கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். புகையூட்டிய கோழி இறக்கை பற்றிய பக்கத்தில் மட்டும் ‘டிரை ரப்’, அதாவது சமைக்கும் முன் இறைச்சியில் தேய்க்கும் உலர்ந்த மசாலா, 11 இடங்களில் வருகிறது. முதலில் ‘மசாலா ஊறல்’ என்று எழுதியிருந்தேன். அது தப்பு என்பது போன ஞாயிறு செய்து பார்த்தபோதுதான் புரிந்தது.

ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒரு கிலோ இறக்கை வாங்கினேன். பாதியைத் தயிர் மசாலாவில் ஊறவைத்தேன். மீதியைத் துணியால் ஈரம் ஒற்றி, உப்பு, காஷ்மீரி மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுத்தூள், நாட்டுச் சர்க்கரை கலந்த பொடியை அழுத்தித் தேய்த்து, மூடாமல் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். உப்பு தோலிலிருந்து நீரை இழுக்கிறது, அந்த நீர் குளிர்காற்றில் காய்ந்துவிடுகிறது. காலையில் தொட்டால் தோல் காகிதம் மாதிரி இருந்தது. 120 டிகிரியில் கொய்யா விறகுப் புகை ஒரு மணி நேரம், கடைசியில் 210 டிகிரியில் பத்து நிமிடம். பொடி தேய்த்தது மொறுமொறு. தயிரில் ஊறியதன் தோல் ரப்பராக இழுத்தது.

ஆகவே ஊறல் கூடாது. ‘தடவுப்பொடி’ எப்படி? ‘உலர்’ சேர்க்க வேண்டுமா?

ஜெயநகரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, பொடி என்றாலே உலர்ந்ததுதான். ‘உலர்’ சேர்த்தால் கூறியது கூறல். அப்புறம், வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ‘ஊறுக்காய்’ என்போமா? தடவுபொடி என்றே எழுத வேண்டும்.

ஆனால் தடவுவது மெல்லிய செயல். குழந்தையின் தலையைத் தடவுகிறோம். இங்கே விரல் அழுந்த வேண்டும். குறுந்தொகை 167 ‘முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்’ என்கிறது. பிசை, பிசறு, பிசின் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. கையும் பொருளும் ஒட்டுவதே அவற்றின் அடிக்கருத்து. ‘பிசறுபொடி’ என்று வையுங்கள். அதே பாட்டில் ‘குய்ப்புகை’ வருகிறது. புகையூட்டலுக்கு அந்தக் ‘குய்’யை மீட்டெடுத்தால் என்ன?

இந்திராநகரிலிருந்து, உணவகம் நடத்துபவர்

ஐயா, குய் தாளிப்பு. அந்தப் பாட்டில் சமைக்கும் பெண்ணின் கண்ணில் பட்டது தாளித்த புகை, விறகுப் புகை இல்லை. அதை இங்கே இழுத்து வந்தால் இரண்டும் குழம்பும்.

பிசறுவதற்கும் ஈரம் வேண்டும். எங்கள் வீட்டில் புட்டுமாவைத் தண்ணீர் தெளித்துத்தான் பிசறுவோம். பாதிப் பேர் அதைப் ‘பிசிறு’ என்று படித்து, துணி நூல் என்று நினைப்பார்கள். என்னிடம் வேலை செய்யும் தர்மபுரித் தம்பி ‘மசாலா தேய்’ என்கிறான். அவனுக்குப் புரியாத சொல்லைக் கையேட்டில் போட்டு யாருக்கு லாபம்? ‘தேய்பொடி’ என்று எழுதுங்கள்.

சொல் எதுவானாலும், உள்ளே சூடு 74 டிகிரியைத் தாண்ட வேண்டும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சர்க்கரையையும் குறைக்கச் சொல்லுங்கள், 210இல் கருகிக் கசக்கும்.

பிரேசர் டவுனிலிருந்து

அக்கா, தேய்பொடி என்றதும் எனக்குத் தேய்பிறைதான் நினைவுக்கு வந்தது. தானே தேய்ந்து குறையும் பொடி என்றாகிவிடும். தேய்க்கும் பொருள் வர ‘தேய்ப்புப்பொடி’ என்று நீட்ட வேண்டும். அதை 11 தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், நாக்கு தடுக்குகிறது.

தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐந்து பேர் தடவுபொடி, இரண்டு பேர் தேய்பொடி, ஐயா பிசறுபொடி. ஒருவர் ‘மசாலாப் பொடி’ போதும் என்கிறார். அது சாம்பாருக்குப் போடுவதையும் குறிக்குமே. மணி பதினொன்றரை ஆகிவிட்டது. தடவுபொடி என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘அழுத்தித் தேய்க்கும் உலர்மசாலா’ என்று விளக்கம் கொடுத்து அனுப்புகிறேன்.

ஜெயநகரிலிருந்து

அனுப்புங்கள் தம்பி, காலக்கெடு முக்கியம். என் கருத்து மாறவில்லை. பொடி கோழியில் ஒட்டுகிறது, தடவு என்ற சொல்லில் அந்த ஒட்டு இல்லை. நான் பிசறுபொடி என்றே எழுதுவேன். இன்னொன்று, ‘இறக்கை’ என்று போட்டிருக்கிறீர்களே, ‘சிறகு’ ஏன் கூடாது? நாளை விரிவாக எழுதுகிறேன்.