தரிசாகப் போட்ட புன்செய்: சும்மா விட்டால் மண்ணில் உயிர் திரும்புமா?

கரிசல்காட்டான்:
உழவை நிறுத்தி நிலத்தைச் சும்மா போட்டாலே மண்புழுவும் பூச்சியும் தானாக வந்துவிடும் என்று ஓடைக்கரை வேறொரு இழையில் எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சும்மா போட்டால் அங்கே எது முளைக்கிறது? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பாதி இடத்தில் சீமைக்கருவேலம்தான். அடர்ந்துவிட்டால் அதனடியில் புல்லே சரியாக வருவதில்லை, ஒரே மரத்தின் இலை, ஒரே மரத்தின் வேர், அதைத் தின்னத் தெரிந்தது மட்டும்தானே மண்ணுக்குள் பிழைக்கும்? முதலில் அதை வெட்ட வேண்டும்.

ஓடைக்கரை:
சீமைக்கருவேலத்தைத் திட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அது பயறு குடும்பத்து மரம், வேரில் தழைச்சத்தைப் பிடித்து வைக்கிறது. பொட்டலாகக் கிடக்கும் மண்ணைவிட அதன் அடி மண்ணில் கரிமம் (கார்பன்) கூடுதலாக இருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கரிமம் இருந்தால் பாக்டீரியா, அதைத் தின்ன நூற்புழு என்னும் நூல் போன்ற நுண்புழு, நூற்புழுவைப் பிடிக்க உண்ணி (மாட்டு உண்ணி இல்லை, மண்ணில் வாழும் மைட்). சங்கிலி தொடங்கிவிட்டது, அப்புறம் என்ன குறை?

மண்குடுவை:
நடுவில் வருகிறேன். நீங்கள் சொல்வது பாக்டீரியா வழி மட்டும். பூஞ்சை வழி என்று இன்னொன்று இருக்கிறது: மெதுவாக மட்கும் புல் தாள், நார் வேர், அதில் பூஞ்சை, பூஞ்சையை மேயும் ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் குட்டி உயிர், அதைப் பிடிக்கும் உண்ணியும் பூரானும். ஏர் ஓட்டும்போதெல்லாம் அறுபடுவது இந்தப் பூஞ்சை இழைதான். நெதர்லாந்தின் வெலுவே பகுதியில், வெவ்வேறு காலத்தில் கைவிட்ட வயல்களின் மண்ணை எடுத்து, எங்கே போகிறது என்று தெரியும்படி அடையாளமிட்ட கரிமத்தைச் செடி வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். வயல் பழையதாக ஆக ஆக மண்ணுயிர்களுக்கு இடையிலான தொடர்பு இறுகியது, பூஞ்சைக்குப் போகும் கரிமமும் கூடியது. பூஞ்சையின் மொத்த அளவு பெரிதாகக் கூடாமலேயே இது நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

ஓடைக்கரை:
அப்படியானால் என் கட்சிக்குத்தானே சாட்சி சொல்கிறீர்கள்? காலம் போனால் சரியாகிறது!

மண்குடுவை:
காலம் போனால் மட்டும் இல்லை, அந்த வயல்களில் செடிக் கூட்டமும் மாறிக்கொண்டே போகிறது. ஜெர்மனியில் யேனா நகரத்தில், முன்பு உழுத நிலத்தில், 2002இல் தொடங்கிய சோதனையில் 1 வகை முதல் 60 வகைச் செடிகள் வரை தனித்தனிப் பாத்திகளில் வளர்த்தார்கள். செடி வகை கூடியதன் பலன் தாவரம் தின்னிகளிடம் அதிகம் தெரிந்தது, வேட்டையாடும் உயிர்களிடம் குறைவு. மண்ணுக்குள்ளே அந்தப் பலன் தெரியவே சில வருடங்கள் ஆனது. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது.

ஓடைக்கரை:
சரி, ஆனால் அது குளிர்நாடு. சித்திரை வெயிலில் நம்மூர் மேல்மண் கொதிக்கும், சிறு உயிர்கள் ஈரம் தேடி ஆழம் போய்விடும், மேலே சருகை அரைப்பது கரையான்தான். இங்கே செடி வகையைவிட நிழலும் ஈரமும்தான் பேசும், நிழல் தரும் மரத்தையே வெட்டச் சொல்கிறீர்கள்.

கரிசல்காட்டான்:
வெட்டச் சொன்னேன், ஜேசிபி விட்டுப் புரட்டச் சொல்லவில்லை. 2017இல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு பல இடங்களில் வேரோடு பிடுங்கினார்கள், மேல்மண்ணும் சேர்ந்தே புரண்டது. உழவை நிறுத்தியதில் கிடைத்த பலன் ஒரே நாளில் போச்சு. துண்டு துண்டாக, ஒரு பக்கம் வெட்டி, மறுபக்க நிழலை விட்டுவைத்து, நடுவில் கொழுஞ்சியும் ஆவாரையும் விதைக்கலாமே. கொழுஞ்சியும் பயறு குடும்பம்தான், தழைச்சத்துக்கு அந்த மரமேதான் வேண்டும் என்றில்லை.

ஓடைக்கரை:
அடிக்கட்டையை விட்டால் மறுபடி துளிர்க்கும். வருடா வருடம் யார் வெட்டுவது, கரிமூட்டம் போடுகிறவர்களா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மண்குடுவை:
அதுவரை ஒன்று செய்யுங்கள். மரத்தடியில் ஒரு கைப்பிடி, புல் தரையில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, சல்லடை வைத்த புனலில் போட்டு மேலே குண்டு பல்பு எரியவிடுங்கள். சூட்டுக்குத் தப்பிக் கீழே விழுவதை சாராயத்தில் பிடித்து லென்ஸில் எண்ணலாம். கார்த்திகை ஈரத்தில் எடுங்கள், கோடையில் எடுத்தால் இரண்டுமே காலியாகத்தான் தெரியும்.